கிருஷ்ணகிரித் தொகுதி கண்ட பதினெட்டுத் தேர்தல்கள்



வரலாறு என்றவுடன் மன்னர்களின் பெயர்களும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளுமே பலருக்கு நினைவில் எழுகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்பாடத்தைக் கற்பித்தவன் நான். அதனைக் குறைத்து மதிப்பவன் அல்லன். ஆயினும் வரலாறு கோட்டை கொத்தளங்களில் மட்டும் நிகழ்வதன்று. நீங்கள் படிக்கும் பள்ளிக்கூடத்திலும் அது நிகழ்கிறது. பொதுத் தேர்தல் நாளன்று அப்பள்ளிக்கூடத்தின் ஓர் அறை வாக்குச்சாவடியாகிறது. உங்கள் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் அங்கே வரிசையில் நின்று ஒரு முடிவைச் செய்கின்றனர். அம்முடிவுகளை ஆண்டு வரிசையில் அடுக்கிப் பார்ப்போமாயின், ஒரு நாட்டுப் பகுதியின் வரலாறு தெளிவாகப் புலப்படும். அந்த முறையில், நான் பிறந்து வளர்ந்து பணியாற்றிய கிருஷ்ணகிரி மக்களவைத் தொகுதியின் தேர்தல் வரலாற்றை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் இடத்தை அறிந்துகொள்வோம். என் ஊர் சானமாவு. ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையில், காப்புக்காட்டை ஒட்டி அமைந்தது. கேழ்வரகு முற்றும் பருவத்தில் கருநாடகத்துக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் சவளகிரி வழியாக எங்கள் காட்டுக்கு வருவதும், உழவர்கள் இரவெல்லாம் கண் விழித்துக் காவல் காப்பதும் ஆண்டுதோறும் நடப்பவை. ஓசூரைத் தாண்டிச் சிறிது தொலைவு சென்றால் கருநாடகம். வேப்பனப்பள்ளிக்கு அப்பால் ஆந்திரத்தின் குப்பம். ஆதலின் எங்கள் பகுதியில் தெலுங்கு, கன்னடம், தமிழ், உருது ஆகிய நான்கு மொழிகளும் வழங்குகின்றன. ஒரு வீட்டில் தெலுங்கும் அடுத்த வீட்டில் கன்னடமும் ஒலிக்கும். அவ்விரு வீட்டாரும் சந்தையில் தமிழில் விலை பேசுவர்.

தொகுதியின் நில அமைப்பும் ஒரு தன்மையதன்று. மேலே ஓசூர், தளி ஆகியவை அடங்கிய மேட்டு நாடு. பழைய ஆவணங்கள் இதனைப் பாலாகாட் என்று குறிக்கும். கீழே கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், பருகூர் ஆகியவை அடங்கிய சமவெளி, இது பாராமகால். இவ்விரண்டும் ஒரே நாளில் ஒரே ஆட்சியின்கீழ் வந்தவையும் அல்ல. 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு மாறியது. மேட்டு நாடோ, 1799இல் திப்பு வீழ்ந்த பின்னரே கம்பெனி ஆட்சிக்கு வந்தது. இரண்டும் பின்னர்ச் சேலம் மாவட்டத்தில் இணைந்தன. 1965இல் தருமபுரி மாவட்டம் தனியே பிரிந்தபோது அதனுடன் சென்றன. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. மாவட்டத்தின் பெயர் இருமுறை மாறிய போதிலும், மக்களவைத் தொகுதியின் பெயர் 1952 முதல் கிருஷ்ணகிரி என்றே இருந்துவருகிறது.

இனி முதல் தேர்தலுக்கு வருவோம். 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நிகழ்ந்த அப்பெருந் தேர்தலில், ஏறத்தாழ பதினேழு கோடி மக்கள் வாக்குரிமை பெற்றிருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். ஆகவே ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் அவருடைய சின்னத்தை ஒட்டினர். வாக்காளர் தாம் விரும்பிய சின்னமுள்ள பெட்டியில் தாளை இட்டுவிட்டு வரவேண்டும். முத்திரை குத்தும் வேலை இல்லை. தாளில் முத்திரையிட்டு ஒரே பெட்டியில் போடும் முறை 1962ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் பரவலாக நடைமுறைக்கு வந்தது. விரலில் இடும் அழியா மையும் அத்தேர்தலிலிருந்தே மைசூரில் உள்ள ஓர் அரசு நிறுவனத்திலிருந்து வரலாயிற்று. சின்னத்தைக் கண்டு வாக்களிக்கும் இந்த ஏற்பாடு, நான்கு மொழி வழங்கும் எங்கள் பகுதிக்கு எத்துணைப் பொருத்தமானது என்பதை எண்ணிப் பாருங்கள். இரட்டைக் காளையின் படத்தைத் தெலுங்கர் ஒரு விதமாகவும் தமிழர் வேறு விதமாகவும் படிக்க வேண்டியதில்லை அன்றோ?

அம்முதல் தேர்தலில் கிருஷ்ணகிரியிலிருந்து காங்கிரஸ் சார்பில் வென்றவர் சி. ஆர். நரசிம்மன். அவர் இராஜாஜியின் திருமகனார். இராஜாஜி 1878இல் பிறந்த தொரப்பள்ளி எங்கள் ஊருக்கு அண்மையில் உள்ளது; அவர் இளமையில் ஓசூரில் பயின்றவர். ஆகவே இத்தொகுதி இராஜாஜியின் பிறந்த மண் என்று கூறுவதில் பிழையில்லை. ஆனால் 1952இல் இராஜாஜி தேர்தலில் நிற்கவில்லை. சட்ட மேலவைக்கு நியமனம் பெற்று அவ்வாண்டு ஏப்ரலில் சென்னை மாநில முதலமைச்சரானார். தந்தையார் மக்கள் வாக்கைப் பெறாமல் முதலமைச்சராக, மைந்தர் மக்கள் வாக்கைப் பெற்று மக்களவைக்குச் சென்றார். 1957இலும் நரசிம்மனே வென்றார்.

இவ்விரு தேர்தல்களுக்கும் இடையில் ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்தது. 1952இல் வாக்களித்த கிருஷ்ணகிரி வாக்காளருக்குக் குப்பம் அயல் மாநிலம் அன்று. சித்தூர் மாவட்டமும் சென்னை மாநிலத்தின் பகுதியாகவே இருந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. தெலுங்கும் கன்னடமும் மிகுதியாக வழங்கிய ஓசூர் வட்டம் யாருக்கு உரியது என்ற வழக்கு அக்காலத்தில் எழுந்தது. முடிவில் ஓசூர் சென்னை மாநிலத்திலேயே நின்றது. இதனால் விளைந்தது யாது? தொகுதி இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைக்கோடு இரு பக்கத்திலும் அதனை நெருங்கி வந்து சூழ்ந்துகொண்டது. முதல் தேர்தலில் ஒரு பன்மொழி மாநிலத்தின் பன்மொழித் தொகுதியாக இருந்தது, இரண்டாம் தேர்தலில் ஒரு தமிழ் மாநிலத்தின் பன்மொழித் தொகுதியாக மாறியது. இந்த மாற்றத்தை மக்கள் எவ்வாறு ஏற்றுக்கொண்டனர் என்பதே இவ்வரலாற்றின் நடுவான வினா. அதற்கு விடை வாக்குப் பெட்டியில் உள்ளது.

1959இல் இராஜாஜி காங்கிரசை எதிர்த்துச் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். காங்கிரஸ் சின்னத்தில் வென்ற மைந்தர் மக்களவையில் அமர்ந்திருக்க, அக்கட்சியை வீழ்த்த வேண்டும் என்று தந்தையார் நாடெங்கும் பேசிவந்தார். இந்நிலையில் 1962ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தது. சென்னை மாநிலத்தின் 41 மக்களவை இடங்களில் 31 இடங்களைக் காங்கிரசே பெற்றது. திராவிட முன்னேற்றக் கழகம் பெற்றவை ஏழு. அவ்வேழனுள் ஒன்று கிருஷ்ணகிரி! பத்தாண்டுகள் நரசிம்மன் வகித்த இடத்தில் தி.மு.க.வின் க. இராசாராம் வந்து அமர்ந்தார். அவர் 1967இல் சேலத்திலிருந்து மீண்டும் மக்களவைக்குச் சென்றதும், 1980இல் தமிழகச் சட்டமன்றப் பேரவைத் தலைவரானதும் பின்னைய நிகழ்ச்சிகள்.

இந்த 1962ஆம் ஆண்டு முடிவைச் சற்று நின்று நோக்க வேண்டும். தமிழ் மொழியின் உரிமையை முழக்கமாகக் கொண்ட ஒரு கட்சி, மதுரையிலோ தஞ்சையிலோ வேரூன்றுவது இயல்பு. தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் திரளாக வாழும் ஓர் எல்லைத் தொகுதியில், மாநிலம் முழுவதும் காங்கிரஸ் மேலோங்கி நின்ற ஆண்டில், அது வென்றதை இயல்பு என்று மட்டும் கூறி விட்டுவிட இயலாது. கீழைச் சமவெளியின் தமிழ் உழவர்களின் வாக்கு அதற்குத் துணையாயிருந்திருக்கும் என்பது என் எண்ணம். எவ்வாறாயினும், மாநிலம் ஐந்து ஆண்டுகள் கழித்துச் செய்யவிருந்த முடிவைக் கிருஷ்ணகிரி முன்கூட்டியே செய்துவிட்டது. 1967இல் தி.மு.க. அணி தமிழகத்தின் 39 இடங்களில் மூன்று நீங்கலாக அனைத்தையும் கைப்பற்றியபோது, இங்கும் அக்கட்சியின் மு. கமலநாதன் வென்றார். அவ்வணியில் இராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் இருந்தது என்பது நினைவிற் கொள்ளத் தக்கது.

அதன்பின் வந்த தேர்தல்களை விரைவாகக் காண்போம். 1971இல் இந்திரா காந்தியின் காங்கிரசும் தி.மு.க.வும் கைகோத்தன; கிருஷ்ணகிரி காங்கிரசுக்குச் சென்றது. 1977இல் எம். ஜி. இராமச்சந்திரனின் அண்ணா தி.மு.க. காங்கிரசுடன் உடன்பாடு கொண்டது. இங்கு அண்ணா தி.மு.க.வின் பி. வி. பெரியசாமி வென்றார். 1980இல் காங்கிரசும் தி.மு.க.வும் மறுபடி இணைந்தன. காங்கிரஸ் வேட்பாளராக வாழப்பாடி கூ. இராமமூர்த்தி வெற்றி பெற்றார். 1977இல் அண்டைத் தொகுதியான தருமபுரியிலிருந்து மக்களவைக்குச் சென்றவர் அவர். தொழிற்சங்கப் பணியால் உயர்ந்தவர். 1980, 1984, 1989, 1991 ஆகிய நான்கு தேர்தல்களிலும் கிருஷ்ணகிரி அவரையே தேர்ந்தெடுத்தது. இத்தொகுதியில் நான்கு முறை வென்றவர் அவர் ஒருவரே. 1991இல் மத்திய அமைச்சரவையில் இடம்பெற்ற அவர், காவிரி நீர்ச் சிக்கலை முன்னிட்டுப் பதவி துறந்தார்.

1989ஆம் ஆண்டுத் தேர்தலைப் பற்றி நானே ஒரு சொல் கூறலாம். வாக்குரிமை வயது 21லிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டபின் நிகழ்ந்த முதல் மக்களவைத் தேர்தல் அது. அப்போது நான் இளம் ஆசிரியன். காட்டோரச் சிற்றூர் ஒன்றில் வாக்குச்சாவடி அலுவலனாக அமர்த்தப்பட்டேன். என்னிடம் பத்தாம் வகுப்பில் படித்த பிள்ளைகள் சிலர், மீசை அரும்பிய இளைஞர்களாய் வரிசையில் நின்றனர். முதிய மாது ஒருவர் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு, 'எந்தப் படத்தில் குத்த வேண்டும், ஐயா?' என்று தெலுங்கில் வினவினார். அதனை நான் கூறலாகாது என்று அவருடைய மொழியிலேயே விடை சொன்னேன். அவர் சற்று எண்ணிவிட்டு, 'சரி, அப்படியானால் அது என் வேலை' என்று கூறி மறைவிடத்துக்குள் சென்றார். வாக்குரிமை என்னும் பாடத்தை நான் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். அதன் பொருளை அம்மூதாட்டியைவிடச் சுருக்கமாக நான் ஒருநாளும் கூறியதில்லை.

1996இல் தமிழக அரசியலில் பெரும் மாறுதல் நேர்ந்தது. ஜி. கே. மூப்பனார் தமிழ் மாநிலக் காங்கிரசைத் தொடங்கித் தி.மு.க.வுடன் இணைந்தார். அக்கட்சியின் சி. நரசிம்மன் கிருஷ்ணகிரியில் வென்றார். அதே நாளில் சட்டமன்றத்துக்கும் தேர்தல் நிகழ்ந்தது. பருகூரில் முதலமைச்சர் ஜெயலலிதா, தி.மு.க.வின் இ. ஜி. சுகவனத்திடம் 8,366 வாக்குகளில் தோல்வியுற்றார். 1991இல் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய அதே பருகூர்தான் 1996இல் அவரைத் திருப்பி அனுப்பியது. நாடெங்கும் பேசப்பட்ட முடிவு அது. அந்தச் சுகவனமே பின்னர் 2004, 2009 ஆகிய இரு தேர்தல்களிலும் கிருஷ்ணகிரி மக்களவை உறுப்பினரானார்.

இடையில் 1998இல் அண்ணா தி.மு.க.வின் கே. பி. முனுசாமி வென்றிருந்தார். ஆனால் அந்த மக்களவை பதின்மூன்று திங்களே நிலைத்தது. 1999 ஏப்ரல் 17ஆம் நாள் வாஜ்பாய் அரசு கோரிய நம்பிக்கைத் தீர்மானத்துக்கு ஆதரவாக 269 வாக்குகளும் எதிராக 270 வாக்குகளும் விழுந்தன. ஒரே வாக்கு வேறுபாட்டில் நாட்டின் அரசு வீழ்ந்தது, மக்களவை கலைந்தது, நாடு மறுபடி தேர்தலைக் கண்டது. 'என் ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும்?' என்று சோம்பி வீட்டில் இருப்போருக்கு இந்நிகழ்ச்சியைச் சொல்லுங்கள். இன்னும் அண்மையில் ஒரு சான்று வேண்டுமாயின், 2021இல் கிருஷ்ணகிரிச் சட்டமன்றத் தொகுதியின் முடிவு 794 வாக்குகளில் அமைந்ததைக் காட்டலாம். 1999ஆம் ஆண்டின் மறுதேர்தலில் தி.மு.க.வின் வெ. வெற்றிச்செல்வன் மக்களவைக்குச் சென்றார்.

2004 முதல் நாடு முழுவதும் மக்களவைத் தேர்தலில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் வந்துவிட்டது. 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறையில் காவேரிப்பட்டினம் சட்டமன்றத் தொகுதி மறைந்து, வேப்பனப்பள்ளி பிறந்தது. இப்போது ஊத்தங்கரை, பருகூர், கிருஷ்ணகிரி, வேப்பனப்பள்ளி, ஓசூர், தளி ஆகிய ஆறும் சேர்ந்ததே நம் மக்களவைத் தொகுதி. 2014இல் அண்ணா தி.மு.க.வின் கே. அசோக்குமார் 2,06,591 வாக்குகள் வேறுபாட்டிலும், 2019இல் காங்கிரசின் அ. செல்லகுமார் 1,56,765 வாக்குகள் வேறுபாட்டிலும், 2024இல் காங்கிரசின் கே. கோபிநாத் 1,92,486 வாக்குகள் வேறுபாட்டிலும் வென்றனர்.

இதுவரை கூறிய பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவற்றைக் கூட்டிப் பார்த்தால் தெரியவரும் உண்மையையே நீங்கள் அறிய வேண்டும். பதினெட்டுத் தேர்தல்களில் காங்கிரஸ் ஒன்பது முறையும், தி.மு.க. ஐந்து முறையும், அண்ணா தி.மு.க. மூன்று முறையும், தமிழ் மாநிலக் காங்கிரஸ் ஒரு முறையும் வென்றுள்ளன. இது மேலோட்டமான கணக்கு. இதனினும் ஆழமான கணக்கு ஒன்று உண்டு. 1967 முதல் 2024 வரை நிகழ்ந்த மக்களவைத் தேர்தல்கள் பதினைந்து. அப்பதினைந்திலும், தமிழகத்தில் எந்த அணி மிகுதியான இடங்களைப் பெற்றதோ அந்த அணியின் வேட்பாளரையே கிருஷ்ணகிரி தேர்ந்தெடுத்திருக்கிறது. ஒருமுறைகூடத் தவறவில்லை. அதற்கு முன் 1962இல் மட்டும் மாநிலத்தின் போக்குக்கு மாறாக நின்றது. அதுவும் மாநிலத்துக்கு முந்திக்கொண்டு நின்ற மாறுபாடே.

எல்லையோரத்தில் இருக்கும் ஒரு தொகுதி, மாநிலத்தின் நாடித்துடிப்போடு இவ்வாறு ஒன்றி நடப்பதற்குக் காரணம் யாது? எனக்குத் தோன்றும் காரணங்கள் இரண்டு. முதலாவது, இங்கு எந்த ஒரு மொழியினரும் தம் வாக்குகளை மட்டும் கொண்டு வெல்ல இயலாது. தளியின் கன்னட உழவர், ஓசூரின் தெலுங்கு வணிகர், கிருஷ்ணகிரியின் உருது பேசும் முஸ்லிம் மக்கள், ஊத்தங்கரையின் தமிழ்ச் சிற்றூரார் ஆகிய அனைவரிடமும் சென்று கைகூப்பி நிற்கும் கட்சிக்கே வெற்றி. பரந்த கூட்டணிக்கே அது இயலும். இரண்டாவது, தொழில் வளர்ச்சி. 1970களில் தொடங்கிய ஓசூர்ச் சிப்காட் தொழிற்பேட்டைக்கு 1980களில் லாரித் தொழிற்சாலையும், இருசக்கர வண்டித் தொழிற்சாலையும், கடிகாரத் தொழிற்சாலையும் வந்தன. தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாவட்டங்களிலிருந்தும் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்து குடியேறினர். 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. திருநெல்வேலியிலும் மதுரையிலும் பேசப்படும் அரசியல், அவர்களோடு ஓசூருக்கும் வந்து சேர்ந்தது.

1956இல் எழுந்த வினாவுக்கு விடை இங்கே கிடைக்கிறது. ஓசூர் தமிழகத்தைச் சேர்ந்ததா என்று அன்று அறிஞர்கள் மொழிக் கணக்கை வைத்து வழக்காடினர். மக்களோ வீட்டு மொழியைக் கைவிடாமலே, தேர்தல்தோறும் தமிழகத்தோடு நின்றனர். ஒரு மாநிலத்தின் மக்களாவதற்குத் தாய்மொழி ஒன்றாயிருத்தல் கட்டாயமன்று. பொது வாழ்வில் ஒன்றாய்ப் பங்குகொள்ளுதல் போதும் என்பதை அவர்கள் மெய்ப்பித்தனர். 2024 ஜூன் திங்களில் நம் தொகுதியின் உறுப்பினர் மக்களவையில் தெலுங்கில் உறுதிமொழி ஏற்று, தமிழில் வணக்கம் கூறி முடித்தார். அதனைக் குறைகூறியோரும் உண்டு, பாராட்டியோரும் உண்டு. ஓசூரிலிருந்து மும்முறை சட்டமன்றத்துக்குச் சென்றவர் அவர் என்பதையும், அவரைத் தேர்ந்தெடுத்தோரில் எல்லா மொழியினரும் இருந்தனர் என்பதையும் அறிந்தவருக்கு அதில் வியப்பில்லை. அதே சமயம், 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தால் எங்கள் பகுதிச் சிறுபான்மை மொழிப் பள்ளிகளில் எழுந்த கவலையும் உண்மையானதே. தமிழைக் கற்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதனை அன்போடு கற்பித்தலே ஆசிரியர் கடன்.

இனி, நாணயத்தின் மறுபக்கத்தையும் நோக்குவோம். மாநிலம் போகும் வழியிலேயே பதினைந்து முறை சென்ற தொகுதி, அதனால் பெற்றது என்ன? ஒரு சான்று கூறுகிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பஞ்சக் காலத்துக்கு உதவும் பொருட்டு, திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கும் குறுகிய இருப்புப்பாதைகள் போடப்பட்டன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவை மூடப்பட்டன. பின்னர்ச் சேலம் – பெங்களூர் இருப்புப்பாதை ஓசூர் வழியாக வந்தது. கிருஷ்ணகிரி நகரை அது தொடவில்லை. பாட்டனார் ஏறிச் சென்ற இரயில் பேரனுக்கு இல்லை! மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு இருப்புப்பாதை வேண்டும் என்ற கோரிக்கை தேர்தல்தோறும் மேடை ஏறுகிறது. எல்லா அணியினரும் வாக்குறுதி தருகின்றனர். நில அளவைகள் பற்றிய செய்திகளும் வந்தவண்ணம் உள்ளன. பாதை மட்டும் வரவில்லை.

பொது அலை வீசும்போது, வென்றவர் 'அலையால் வென்றோம்' என்கிறார். தோற்றவர் 'அலையால் தோற்றோம்' என்கிறார். தொகுதியின் தேவையை நிறைவேற்றியதால் வென்றோம் என்றோ, மறந்ததால் தோற்றோம் என்றோ எண்ண இருவருக்கும் வாய்ப்பில்லாமல் போகிறது. ஆனால் கணக்கை உற்று நோக்குங்கள். 2014இல் ஒரு பக்கம் இரண்டு இலட்சத்துக்கு மேல் சாய்ந்த தொகுதி, 2019இல் மறுபக்கம் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் சாய்ந்தது. ஐந்தே ஆண்டுகளில் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட மாறுதல்! எந்தக் கட்சியும் இதனைத் தன் சொந்த வீடு என்று உரிமை கொண்டாட இயலாது. அப்படிப்பட்ட தொகுதியின் வாக்காளர், தம் தேவையைக் கேட்டுப் பெறும் வலிமை மிகுந்தவர். அவ்வலிமையை அவர்கள் இன்னும் முழுமையாகப் பயன்படுத்தவில்லை என்பதே என் கருத்து.

இதனோடு தொடர்புடைய இன்னொரு செய்தியும் உண்டு. தமிழகத்துக்கு 1962 வரை 41 மக்களவை இடங்கள் இருந்தன. 1967 முதல் 39 ஆயின. மக்கள்தொகைக் கணக்கின்படி இடங்களைப் பங்கிடுவதால் நேர்ந்த குறைவு அது. குடும்ப நலத் திட்டத்தை நன்கு நிறைவேற்றும் மாநிலங்கள் அதனால் இழப்புறலாகாது என்று 1976இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, 1971ஆம் ஆண்டுக் கணக்கையே அடிப்படையாகக் கொண்டனர். 2001ஆம் ஆண்டில் நிறைவேறிய மற்றொரு திருத்தம், 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை அவ்வேற்பாட்டை நீட்டியது. ஒரு தொகுதியின் வாக்கு எத்துணை எடையுள்ளது என்பதைத் தொகுதிக்கு வெளியே செய்யப்படும் இத்தகைய முடிவுகளும் உறுதிசெய்கின்றன. ஆதலின் செய்தித்தாளில் 'தொகுதி மறுவரையறை' என்ற தலைப்பைக் கண்டால், அது பெரியவர்கள் விவகாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை தந்து இப்பேச்சை முடிக்க எண்ணுகிறேன். உங்கள் தொகுதி எதுவாயினும் ஆகுக. 1952 முதல் அங்கு வென்றவர் யார், எக்கட்சியினர், எத்துணை வாக்கு வேறுபாட்டில் வென்றனர் என்பதை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். தேர்தல் ஆணையத்தின் அறிக்கைகளில் அவை கிடைக்கும். அதன் அருகே இன்னொரு பத்தி இட்டு, ஒவ்வொரு தேர்தலிலும் உங்கள் ஊரார் கேட்டது என்ன, வந்தது எப்போது என்பதை ஊர்ப் பெரியவர்களை வினவி நிரப்புங்கள். முதற்பத்தியை எழுத ஒரு நாள் போதும். இரண்டாம் பத்திக்கு ஒரு கோடை விடுமுறை முழுவதும் வேண்டியிருக்கும். பதினெட்டு வயது நிறைந்து முதன்முறையாக வாக்குச்சாவடிக்குச் செல்லும் நாளில் அந்தத் தாளை ஒருமுறை படித்துவிட்டுச் செல்லுங்கள்.